மண்சாலைப் பராமரிப்புக்கான டிராக்டர் சமன் கருவிகள்

டிராக்டர் சமன் கருவி என்பது மண்சாலை அல்லது சரளைச் சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி, பரப்பி, உரிய சரிவுக்குக் கொண்டுவருவதற்காக டிராக்டரில் (இழுவை இயந்திரம்) பொருத்தப்படும் இணைப்புக் கருவியாகும். நெடுஞ்சாலைப் பணிகளில் இதே வேலையை மோட்டார் கிரேடர் என்னும் தனி இயந்திரம் செய்கிறது. ஊரகத் தடங்களில் அத்தகைய பெரிய இயந்திரத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் இயலாது அல்லது செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே உழவர்களிடம் ஏற்கனவே உள்ள டிராக்டரைக் கொண்டே அவ்வேலையைச் செய்ய இக்கருவிகள் பயன்படுகின்றன.

பின்பிளேடு, பாக்ஸ் பிளேடு, இரட்டை பிளேடு சட்டம், முன்பக்க டோசர், இழுவை கிரேடர் ஆகியன இவற்றின் முக்கிய வகைகள். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சாலையில் எந்தப் பழுது உள்ளது என்பதைப் பொறுத்தே கருவி தேர்ந்தெடுக்கப்படுகிறது. பொருந்தாத கருவியைக் கொண்டு ஆண்டுதோறும் சுரண்டப்படும் தடம் சீராவதற்குப் பதிலாகத் தாழ்ந்துகொண்டே சென்று, மழைக்காலத்தில் நீரோடும் ஓடையாக மாறிவிடக்கூடும். கொங்கு நாட்டின் இட்டேரிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

கொங்கு நாட்டுத் தடங்கள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில் உழவர் குடும்பங்கள் பல ஊருக்குள் நெருங்கி வாழாமல், தத்தம் தோட்டங்களிலேயே சாளை (தோட்ட வீடு) அமைத்துச் சிதறி வாழ்கின்றன. ஊரையும் தோட்டங்களையும் இணைக்கும், இருபுறமும் உயிர்வேலி கொண்ட மண்பாதை இட்டேரி எனப்படுகிறது. கிளுவை, கள்ளி முதலியவை இவ்வேலிகளில் காணப்படுகின்றன. மாட்டு வண்டிக்காக ஏற்பட்ட இவ்வழிகள் வண்டித்தடம் என்றும் வழங்கப்படுகின்றன.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் முதலியவற்றால் சிற்றூர்களை இணைக்கும் சாலைகள் பல தார்ச்சாலைகளாயின. எனினும் ஊர் எல்லையிலிருந்து தோட்டம் வரையிலான கடைசித் தொலைவு பல இடங்களில் மண்தடமாகவே உள்ளது. பொள்ளாச்சிப் பகுதியில் தேங்காய் ஏற்றும் வண்டிகள், பல்லடம் பகுதியில் கறிக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுவரும் சரக்குந்துகள், பால் வண்டிகள், பள்ளி வாகனங்கள், அவசர ஊர்தி ஆகிய அனைத்தும் இக்கடைசித் தொலைவைக் கடந்தாக வேண்டும். மாட்டு வண்டிக்கென அமைந்த தடத்தின் மீது இன்று பல டன் எடையுள்ள ஊர்திகள் ஓடுகின்றன.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சிச் சாலைகள் கிராம ஊராட்சியின் பொறுப்பிலும், ஊராட்சி ஒன்றியச் சாலைகள் ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. பட்டா நிலத்தினுள் செல்லும் தனிவழிகள் உரிமையாளர்களின் பொறுப்பாகும். எனவே ஒரு தடத்தில் பிளேடை இறக்குவதற்கு முன், வருவாய்த்துறையின் புல வரைபடத்தைக் கொண்டு அதன் அகலத்தையும் எல்லையையும் அறிந்துகொள்வது முதற்பணியாகும்.

மண்ணும் மழையும்

கொங்குச் சமவெளியின் பெரும்பகுதி செம்மண் நிலமாகும். பல இடங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சரளையோ சுக்கான் கல்லோ காணப்படுகிறது. கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் கரிசல் பரப்புகளும் உள்ளன. செம்மண் சரளை காய்ந்தால் கெட்டியாக இறுகும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஆகவே கரிசல் தடத்தைச் சமன் செய்வதால் மட்டும் பயனில்லை. அதன்மேல் சரளை பரப்பிய பின்னரே சமன் கருவிக்கு வேலை உண்டு.

கோயம்புத்தூர்ச் சமவெளியின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் ஆகும். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. மொத்த மழை குறைவு என்றாலும் அது சில நாட்களிலேயே கொட்டிவிடுவதால், வடிகால் இல்லாத தடம் ஒரே மழையில் அரிக்கப்படலாம்.

சாலை பழுதடையும் முறை

மண்சாலையின் முதன்மையான பகை நீராகும். நீர் உடனே இருபுறமும் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்த்தப்படுகிறது. இது நடுமேடு எனப்படும். நடுவிலிருந்து ஓரத்துக்குச் செல்லும் சாய்வு குறுக்குச் சரிவு எனப்படும். இந்தியச் சாலைப் பேராயம் 2002இல் வெளியிட்ட ஊரகச் சாலைக் கையேட்டின்படி, ஆண்டு மழை 1000 மில்லிமீட்டருக்குக் குறைவான பகுதிகளில் மண்சாலைக்கு 4 விழுக்காடும், சரளைச் சாலைக்கு 3.5 விழுக்காடும் குறுக்குச் சரிவு வேண்டும். மழை மிகுந்த பகுதிகளில் இவை முறையே 5, 4 விழுக்காடுகளாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஊர்தி செல்லும் அகலம் 3.75 மீட்டர் எனில் நடுவிலிருந்து ஓரம் 1.875 மீட்டர். 4 விழுக்காடு சரிவுக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட 75 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இது ஏறத்தாழ நான்கு விரற்கடை உயரம்தான். ஆயினும் சாலையின் ஆயுள் இந்த நான்கு விரற்கடையிலேயே அடங்கியுள்ளது.

பொதுவாகக் காணப்படும் பழுதுகள் பின்வருமாறு:

- சக்கரப் பள்ளம்: ஊர்திகள் ஒரே தடத்தில் செல்வதால் நீளவாக்கில் ஏற்படும் இரட்டைப் பள்ளம். நடுமேடு இருந்தாலும் நீர் ஓரத்துக்குச் செல்லாமல் இப்பள்ளத்திலேயே ஓடும்.
- குழி: நீர் தேங்கிய இடத்தில் சக்கரம் மண்ணை வெளித்தள்ளுவதால் உண்டாவது. சரிவு குறைந்த தட்டையான பகுதிகளில் மிகுதி.
- வரிமேடு: சாலைக்குக் குறுக்கே நெருக்கமாக அமையும் சிற்றலை போன்ற மேடுபள்ளங்கள். வேகம் கூட்டும், குறைக்கும் இடங்களிலும், ஈரமும் பிசுபிசுப்பான நுண்மண்ணும் குறைந்த சரளையிலும் தோன்றுகிறது.
- ஓர மேடு: சக்கரங்களால் ஒதுக்கப்பட்ட சரளையும் புல்லும் சேர்ந்து ஓரத்தில் வரப்புபோல் உயர்வது. இது நீரைச் சாலையிலேயே சிறைப்படுத்துகிறது.
- சரளை இழப்பு: தூசியாகவும் வெள்ளத்தாலும் மேற்பரப்பு குறைவது. 1 கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் 25 மில்லிமீட்டர் தடிமன் குறைந்தால் இழப்பு சுமார் 94 கன மீட்டர். 100 கன அடியை ஒரு யூனிட்டாகக் கொள்ளும் தமிழக வழக்கில் இது ஏறத்தாழ 33 யூனிட் ஆகும்.

கடைசியாகக் கூறிய கணக்கே கருவித் தேர்வின் அடிப்படையாகும். கவனமின்றி 25 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுரண்டி மண்ணை வேலியோரம் தள்ளிவிட்டால், 33 யூனிட் சரளை ஒரே நாளில் சாலையை விட்டு நீங்கிவிடும். புதிய சரளைக்கு விலையும் வண்டிக்கூலியும் மட்டுமன்றி, தமிழ்நாடு சிறுகனிம விதிகள், 1959இன்படி அனுமதியும் தேவைப்படுகிறது.

வரலாறு

உழுத நிலத்தைச் சமப்படுத்தும் பரம்பு தமிழகத்தின் பழைய கருவிகளுள் ஒன்றாகும். மாடுகள் இழுக்கும் பலகையின் மீது ஆள் ஏறி நின்று எடை கொடுப்பது வழக்கம். இதே கோட்பாட்டைச் சாலைக்குப் பயன்படுத்திப் பரப்பியவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில உழவர் டேவிட் வார்டு கிங் ஆவார். இரண்டாகப் பிளந்த மரத்தைச் சட்டமாக இணைத்து, மழைக்குப் பின் குதிரைகளைக் கொண்டு சாலையில் இழுத்தால் பரப்பு இறுகி வழவழப்பாகும் என அவர் காட்டினார். அமெரிக்க வேளாண்மைத் துறை 1908இல் இம்முறை பற்றி உழவர்களுக்கான சிறுநூல் ஒன்றை வெளியிட்டது.

ஜோசப் ஆடம்ஸ் 1885இல் உருவாக்கிய சாயும் சக்கர கிரேடர் குதிரைகளால் இழுக்கப்பட்டது. மினியாபொலிசு நகரின் ரசல் நிறுவனம் டிராக்டரையும் கிரேடரையும் ஒன்றாக்கியது. அந்நிறுவனத்தை 1928இல் வாங்கிய கேட்டர்பில்லர் நிறுவனம் 1931இல் முழுமையான மோட்டார் கிரேடரை வெளியிட்டது.

மற்றொரு வழியில், வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு 1936இல் ஃபெர்குசன்-பிரௌன் டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டு டிராக்டரிலும் இடம்பெற்றது. கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கருவியைத் தாங்கி, ஹைட்ராலிக் விசையால் ஏற்றி இறக்கும் அமைப்பு இதுவாகும். பின்னாளில் மாசி ஃபெர்குசன் என்றான நிறுவனத்தின் டிராக்டர்களைத் தமிழகத்தில் தயாரிக்க டாஃபே நிறுவனம் 1960இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று இந்தியாவில் விற்கப்படும் ஏறத்தாழ எல்லா வேளாண் டிராக்டர்களிலும் மும்முனை இணைப்பு உள்ளது. இதனால் ஒரே டிராக்டர் காலையில் கலப்பையையும் மாலையில் சாலை பிளேடையும் இழுக்க முடிகிறது.

கருவி வகைகள்

பின்பிளேடு

மும்முனை இணைப்பில் பொருத்தப்படும் வளைந்த ஒற்றை பிளேடு. நிலத்தில் வரப்பு, படித்தளம் அமைப்பதற்கும் இதுவே பயன்படுகிறது. பிளேடை இடவலமாகத் திருப்பிக் கோணத்தில் நிறுத்தலாம். சில வகைகளில் ஒரு முனையைத் தாழ்த்திச் சாய்க்கவும், பக்கவாட்டில் நகர்த்தவும் முடியும். ஓர மேட்டை இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவதற்கும், நடுமேடு எழுப்புவதற்கும், ஆழமற்ற பக்க வடிகால் வெட்டுவதற்கும் இதுவே பொருத்தமானது. விலையும் குறைவு.

இதன் குறை, டிராக்டரின் அசைவை அப்படியே பிரதிபலிப்பதாகும். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது டிராக்டர் பின் அச்சை ஊன்றுகோலாகக் கொண்டு சாய்வதால், அச்சுக்குப் பின்னால் உள்ள பிளேடு கீழிறங்குகிறது. முன், பின் அச்சுகளிடையே 2 மீட்டரும், பின் அச்சிலிருந்து பிளேடுக்கு 1.5 மீட்டரும் இருந்தால், முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறும்போது பிளேடு 7.5 சென்டிமீட்டர் இறங்கும். இதனால் பழைய மேடு புதிய பள்ளத்தை உண்டாக்குகிறது. பிளேடின் பின்னால் மட்டச் சக்கரம் பொருத்தினால் இக்குறை பெருமளவு குறையும். மோட்டார் கிரேடரில் பிளேடு முன், பின் சக்கரங்களுக்கு இடையே இருப்பதால் இச்சிக்கல் இல்லை.

பாக்ஸ் பிளேடு

இருபுறமும் அடைக்கப்பட்ட பெட்டி வடிவக் கருவி. பெட்டியின் முன்பகுதியில் இறுகிய தரையைக் கிளறும் கொழுக்களும், பின்பகுதியில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரு வெட்டு முனைகளும் இருக்கும். வெட்டிய மண் பெட்டிக்குள்ளேயே தங்கிப் பள்ளம் வரும்போது அதில் விழுவதால், மண் ஓரத்துக்குச் சிதறாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரளை கொண்டுசெல்லவும், டிப்பர் கொட்டிய குவியலைப் பரப்பவும், சுக்கான் கல்லாக இறுகிய பரப்பைக் கிளறவும் ஏற்றது.

இதனைக் கோணத்தில் திருப்ப இயலாது. எனவே ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவர இதனால் முடியாது. பயிற்சியற்ற கையில் பாக்ஸ் பிளேடு சாலையைத் தட்டையாக்கிவிடும். பார்வைக்கு அழகாகத் தோன்றும் அத்தட்டைச் சாலையே அடுத்த மழையில் முதலில் குழி விழும் சாலையாகும்.

இரட்டை பிளேடு சட்டம்

நீண்ட இரு சறுக்குப் பலகைகளுக்கு இடையே ஒன்றன்பின் ஒன்றாக, சற்றே சாய்கோணத்தில் இரு பிளேடுகள் பொருத்தப்பட்ட சட்டம். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதை டிராக்டரின் அசைவு அல்லாமல், தரையில் சறுக்கும் பலகைகளே முடிவு செய்கின்றன. ஆகவே வரிமேடு, சிறுகுழி ஆகியவற்றைச் சீவிச் சமப்படுத்துவதில் இது மற்றவற்றைவிடச் சிறந்தது. அதிகத் திறமையும் வேண்டியதில்லை. சீவப்பட்ட மண் பிளேடின் மேல் வழிந்து பின்னால் பரவுவதால் சரளை இழப்பும் குறைவு.

ஏற்கனவே நடுமேடு உள்ள சாலையைப் பேணுவதற்கு உரிய கருவி இது. நடுமேடு இல்லாத சாலையில் அதனைப் புதிதாக எழுப்பவோ, வடிகால் வெட்டவோ இது உதவாது.

முன்பக்க டோசர்

டிராக்டரின் முன்னால் பொருத்தப்படும் பிளேடு. தமிழகத்தில் நிலம் திருத்தும் பணிகளில் பரவலாகக் காணப்படுகிறது. மண் குவியலைத் தள்ளுவதற்கும் கரை அமைப்பதற்கும் ஏற்றது. சாலையின் இறுதிப் பரப்பை நுட்பமாகச் சீவுவதற்கு ஏற்றதன்று. டோசர் உள்ள டிராக்டர் எளிதில் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக இட்டேரியை அதனால் ‘வழித்து’ விடுவது, சரளையுடன் உயிர்வேலியின் வேரையும் சேர்த்து அகற்றிவிடும்.

இழுவை கிரேடர்

தனிச் சக்கரங்களும் நீண்ட சட்டமும் உடைய, டிராக்டர் இழுத்துச் செல்லும் கிரேடர். பிளேடு சக்கரங்களுக்கு இடையே அமைவதால் மோட்டார் கிரேடரின் பண்புகள் பலவும் இதற்கு உண்டு. தென்னாப்பிரிக்கப் பகுதியில், சிறப்பாக ஜிம்பாப்வேயில், ஊரகச் சாலைப் பராமரிப்புக்கு இவ்வகை பெருமளவு பயன்பட்டுள்ளது. பல கிலோமீட்டர் சரளைச் சாலையைத் தொடர்ந்து பேணும் அமைப்புக்கு இது பொருந்தும். குறுகிய, திருப்ப இடமற்ற இட்டேரிகளுக்கு இதன் நீளமே தடையாகும்.

பிற கருவிகள்

பழைய இரும்பு விட்டம் அல்லது தண்டவாளத் துண்டைச் சங்கிலியால் கட்டி இழுப்பது மிக எளிய முறை. மழைக்குப் பின் ஈரம் காயுமுன் இழுத்தால் சிறு பழுதுகள் நீங்கும். ஒன்பது கொழுக் கலப்பையைக் கொண்டு இறுகிய பரப்பைக் கிளறிவிட்டுப் பின்பிளேடால் பரப்புவதும் உண்டு. வயலைத் துல்லியமாகச் சமன் செய்யும் லேசர் கருவி சாலைக்கு ஏற்றதன்று. வயலில் நீர் எங்கும் சமமாக நிற்க வேண்டும். சாலையிலோ நீர் எங்கும் நிற்கக் கூடாது. ரொட்டவேட்டர் சரளையையும் நுண்மண்ணையும் தூளாக்கிப் பிரித்துவிடுவதால் தவிர்க்கப்பட வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

பழுதும் கருவியும்

- நடுமேடு மறைந்து, ஓரம் உயர்ந்திருந்தால்: பின்பிளேடு.
- நடுமேடு உள்ளது, வரிமேடும் சிறுகுழியும் மட்டுமே சிக்கல் எனில்: இரட்டை பிளேடு சட்டம்.
- பரப்பு கல்போல் இறுகியுள்ளது அல்லது புதிய சரளை பரப்ப வேண்டும் எனில்: பாக்ஸ் பிளேடு.
- பெருங்குவியலைத் தள்ள வேண்டும் எனில்: டோசர்.
- ஒரே அமைப்பின் பொறுப்பில் நீண்ட சரளைச் சாலைகள் உள்ளன எனில்: இழுவை கிரேடர்.

அகலமும் கோணமும்

பிளேடின் அகலம் டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளிப்புற அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் சக்கரத் தடம் சீவப்படாமல் எஞ்சிவிடும். பிளேடைக் கோணத்தில் திருப்பும்போது அது மூடும் அகலம் குறையும் என்பது பலரும் கவனிக்காத செய்தியாகும். 6 அடி (1.83 மீட்டர்) பிளேடை 30 பாகை திருப்பினால் 1.58 மீட்டர் மட்டுமே மூடும். 7 அடி (2.13 மீட்டர்) பிளேடு அதே கோணத்தில் 1.85 மீட்டர் மூடும். பின்சக்கர வெளியகலம் 1.75 மீட்டர் உள்ள டிராக்டருக்கு முன்னது போதாது, பின்னது போதும்.

திறன், எடை, இணைப்பு

மும்முனை இணைப்பு பல அளவுப் பிரிவுகளாகத் தரப்படுத்தப்பட்டுள்ளது. முதற்பிரிவில் கீழ்த்தண்டு ஊசியின் விட்டம் 22 மில்லிமீட்டர். இரண்டாம் பிரிவில் 28 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கருவியும் டிராக்டரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவையா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

குதிரைத் திறனைவிட எடையே முக்கியமானது. எடை குறைந்த பிளேடு காய்ந்த செம்மண்ணில் வெட்டாமல் வழுக்கிச் செல்லும். அதேவேளை பின்னால் எடை கூடும்போது முன்சக்கரம் தூக்கக்கூடும். மொத்த எடையில் 20 விழுக்காடாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தேவையெனில் முன்னால் எடைக்கட்டிகள் சேர்க்கப்படும்.

வெட்டு முனை

சரளையில் உராய்ந்து தேய்வது வெட்டு முனையே. அது பிளேடுடன் பற்றவைக்கப்படாமல், மறையாணியால் பொருத்தப்பட்டு, ஒரு பக்கம் தேய்ந்தபின் திருப்பிப் போடத்தக்கதாக இருக்க வேண்டும். கோவை வட்டாரத்தில் லேத், பற்றவைப்புப் பட்டறைகள் மிகுதியாக உள்ளதால் சட்டத்தை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் வெட்டு முனைக்குச் சாதாரண இரும்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும்; உராய்வைத் தாங்கும் கடின எஃகே வேண்டும்.

இயக்கும் முறை

பணி தொடங்குமுன் ஹைட்ராலிக் அமைப்பின் நெம்புகோல்களைச் சரிபார்க்க வேண்டும். உழவின்போது பயன்படும் இழுவிசைக் கட்டுப்பாடு, கெட்டியான இடத்தில் கருவியைத் தூக்கியும் இளகிய இடத்தில் இறக்கியும் விடும். சாலையில் இது அலையலையான பரப்பைத் தரும். எனவே பின்பிளேடுக்கு உயரக் கட்டுப்பாட்டு நெம்புகோலே பயன்படுத்தப்படுகிறது. சறுக்குப் பலகைகளில் செல்லும் இரட்டை பிளேடு சட்டத்தைத் தரையில் தானாக மிதக்கவிட வேண்டும். பக்கச் சங்கிலிகளை இறுக்கிக் கருவியின் ஆட்டத்தைத் தடுப்பதும் அவசியம்.

மேல்தண்டைக் (டாப் லிங்க்) குறுக்கினால் பாக்ஸ் பிளேடு முன்புறம் சாய்ந்து ஆழமாக வெட்டும். நீட்டினால் பின்புறம் சாய்ந்து மண்ணைப் பரப்பும். வலப்புறத் தூக்குத் தண்டில் உள்ள திருகைச் சுழற்றிப் பிளேடின் ஒரு முனையைத் தாழ்த்தலாம். நடுமேடு இல்லாத சாலையில் முதல் முறை வெட்டும்போது இச்சாய்வு தேவை. சரிவு அமைந்தபின் டிராக்டரே அச்சரிவில் சாய்ந்து ஓடுவதால், பிளேடை டிராக்டருக்கு இணையாக வைத்தாலே போதும்.

வேலை ஓரத்திலிருந்து தொடங்கும். சாலையின் இடப்பாதியில் செல்லும்போது பிளேடின் இடமுனை முன்னும் வலமுனை பின்னுமாக 30 முதல் 45 பாகை திருப்பப்பட்டால் மண் நடுவை நோக்கி உருண்டு வரும். திரும்பி வரும்போது மறுபாதியும் அவ்வாறே செய்யப்படும். நடுவில் சேர்ந்த மண் பின்னர் மெல்லப் பரப்பப்படும். குழியையும் வரிமேட்டையும் அவற்றின் அடிமட்டம் வரை கிளறி வெட்ட வேண்டும். மேலே மண்ணைப் போட்டு மூடினால் அவை சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால் பிளேடு துள்ளத் தொடங்கி, தானே வரிமேட்டை உண்டாக்கும்.

ஓரத்துப் புல்லும் மட்கிய சருகும் கலந்த மண்ணைச் சாலைக்குள் இழுக்கக் கூடாது. பரப்பியபின் நீர் தெளித்து உருளையால் இறுக்குவது சிறந்தது. உருளை கிடைக்காதபோது சுமையேற்றிய டிரெய்லரைத் தடம் மாற்றி மாற்றி ஓட்டுவதும் ஓரளவு பயன்தரும்.

ஏற்ற காலம்

மண்ணில் ஈரம் இருக்கும்போதே சமன் செய்ய வேண்டும். காய்ந்த காலத்தில் கிளறினால் நுண்மண் தூசியாகப் பறந்து, கல் மட்டும் எஞ்சும். கொங்குச் சமவெளியில் சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைக்குப் பின்னும், புரட்டாசியில் பருவமழைக்கு முன்னும், கார்த்திகைக்குப் பின் மழை ஓய்ந்து மண் சேறு நீங்கிய நிலையிலும் இவ்வேலை செய்ய ஏற்றது. புரட்டாசிப் பணியில் பரப்பைவிட வடிகால்களைத் தூர்வாருவதே முதன்மை பெறும். கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது பிளேடில் ஒட்டிக்கொள்வதால் அந்நிலையில் வேலை செய்வதில்லை.

தாழ்ந்த இட்டேரிகள்

நெடுங்காலம் வண்டிச் சக்கரத்தாலும் வெள்ளத்தாலும் அரிக்கப்பட்டு, இருபுறக் காடுகளைவிட (மானாவாரி நிலம்) தாழ்ந்துபோன இட்டேரிகள் பல உள்ளன. இங்கு நடுமேடு அமைத்தாலும் நீர் வெளியேற இடமில்லை. எந்த பிளேடாலும் இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. மேலும் வெட்டுவது தடத்தை இன்னும் தாழ்த்தும். இத்தகைய தடத்துக்கு வெளியிலிருந்து சரளை கொண்டுவந்து உயர்த்துவதும், நிலச்சரிவுக்கு ஏற்ப இடையிடையே நீரை ஓடைக்கோ குட்டைக்கோ பண்ணைக்குட்டைக்கோ திருப்பும் வழி வெட்டுவதும், நீர் குறுக்கே பாயும் இடத்தில் குழாய்ப் பாலமோ தரைப்பாலமோ அமைப்பதும் தேவை. நீரைத் தன் நிலத்தின் வழியே விட உரிமையாளர் இசைய வேண்டும் என்பதால், இது இயந்திரத்தைவிட ஊர் உடன்பாட்டைச் சார்ந்த பணியாகும். சமன் கருவியின் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

பாதுகாப்பு

- பரம்பில் ஏறி நிற்கும் பழக்கத்தால் டிராக்டர் கருவியின் மீதும் ஆள் நின்று எடை கொடுப்பது உயிருக்கு ஆபத்தானது. மணல் மூட்டை அல்லது சிமென்ட் கட்டியே எடைக்குப் பயன்படுத்தப்பட வேண்டும்.
- ஓட்டுநர் இறங்குமுன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்த வேண்டும்.
- கிணற்றுப் பாசனக் குழாய்களும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களும் தடத்தின் குறுக்கே ஆழமின்றிப் புதைக்கப்பட்டிருக்கலாம். கிளறும் கொழுக்களை இறக்குமுன் அவை செல்லும் இடங்களை அருகிலுள்ள தோட்டக்காரர்களிடமும் ஊராட்சியிடமும் கேட்டு அடையாளமிட வேண்டும்.
- உயிர்வேலியின் அடிமண்ணை வெட்டக் கூடாது. வேர்கள் ஓர மண்ணைப் பிடித்து வைப்பதோடு, பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் வாழிடமாகவும் உள்ளன.
- வடிகால் ஓரத்தில் டிராக்டர் சரிந்து கவிழும் அபாயம் உண்டு. ஓட்டுநர் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள டிராக்டரே இவ்வேலைக்கு ஏற்றது.

பொதுப் பயன்பாடு

ஓர் இட்டேரியின் பராமரிப்புக்கு ஆண்டில் சில மணி நேர வேலையே போதும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 1 கிலோமீட்டர் தடத்தை ஆறு முறை கடக்க, திரும்பும் நேரம் நீங்கலாக ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே ஒவ்வொரு தோட்டத்தாரும் தனித்தனியே கருவி வாங்குவதைவிட, ஒரே தடத்தைப் பயன்படுத்துவோர் கூட்டாக ஒன்றை வைத்துக்கொள்வது சிக்கனமானது. தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை வேளாண் பணிகளுக்கு டிராக்டர், புல்டோசர் முதலியவற்றை வாடகைக்கு விடுகிறது.

ஒரே கருவிதான் வாங்க இயலும் எனில், கோணம் திருப்பவும் சாய்க்கவும் வல்ல, மட்டச் சக்கரம் உள்ள 7 அடிப் பின்பிளேடு பெரும்பாலான கொங்குத் தடங்களுக்குப் பொருந்தும். நடுமேட்டையும் வடிகாலையும் அமைக்கும் இரு வேலைகளையும் அது ஒன்றே செய்யும். அவை அமைந்தபின் இரண்டாவதாக வாங்கத்தக்கது இரட்டை பிளேடு சட்டமாகும்.